வீதியின் பெயர் கட்டாயம்

ஐந்தே காலுக்கு எழுகிறேன். கெட்டிலில் தண்ணீர் வைக்கிறேன். கொதிக்க நான்கு நிமிடம். அதற்குள் பல் துலக்கி முடிகிறது. சீனி இல்லாமல் ஒரு கோப்பைத் தேநீர். என் அறை பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்னால், சைக்கிள் கடைக்கு மேலே இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் மொனராகலை பஸ் உறுமிக்கொண்டு நிற்பது கேட்கும். ஜன்னலைத் திறப்பதில்லை.

ஐந்தரைக்கு மடிக்கணினி. இணையத்தளம் செய்வது என் தொழில். விடுதிகளுக்கு, கடைகளுக்கு, வேன்காரர்களுக்கு. காலையில் வேலை தேடுகிறேன். அதாவது மற்றவர்கள் செய்த மோசமான தளங்களைத் திறந்து, பிழைகளை எழுதி, உரிமையாளருக்கு அனுப்புகிறேன். பத்துப் பேரில் ஒருவர் வேலை தருவார். மூன்று பேர் திட்டுவார்கள். மற்றவர்கள் பதில் போடமாட்டார்கள்.

அந்த வியாழக்கிழமை மூன்று பார்த்தேன். ஹாலிஎலயில் ஒரு விடுதி. அறைகளின் படம் இருக்கிறது, வாடகை எங்கேயும் இல்லை. தொலைபேசி எண்ணை ஒரு படத்துக்குள் எழுதி வைத்திருக்கிறார்கள், தொட்டால் அழைப்புப் போகாது. ஒரு பல் மருத்துவர். ‘விரைவில்’ என்று போட்டு மூன்று வருடம் ஆகிறது. ஒரு கேக் கடை. ஒரே பக்கத்தில் பதினெட்டுப் படங்கள், ஒவ்வொன்றும் கல்யாண அல்பம் கனம். அவை இறங்கி முடிவதற்குள் பிறந்தநாள் முடிந்துவிடும் என்று எழுதினேன். பிறகு அந்த வரியை அழித்துவிட்டு அனுப்பினேன்.

என் மனைவி நிரஞ்சலா அந்த வரியை அழிக்க விட்டிருக்கமாட்டாள். அவள் இறந்து பதினோரு மாதம். வயது இருபத்தொன்பது. தோட்டப் பாடசாலை ஒன்றில் ஆசிரியை. வகுப்பில், கரும்பலகைக்கு முன்னால் விழுந்தாள். தலைக்குள் இரத்தக்குழாய் வெடித்ததாகச் சொன்னார்கள். இதற்கு மேல் அதைப் பற்றி எழுதப் போவதில்லை.

ஆறு மணிக்கு அவளுடைய அம்மா விஜயலெட்சுமி அழைத்தார். ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். பெரட்டுக்கு, காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போய்ப் பெயர் கொடுப்பதற்கு முன்னால்தான் அவருக்கு நேரம்.

“மாப்ள, நான்தான்.”

“சொல்லுங்க அத்தை.”

“கஜா புள்ளைக்கி ஒரு பக்கம் போட்டிருக்கான்ல, போன்ல. அதுல மொகம் வர மாட்டேங்குது. ஏதோ பொட்டி வந்து மறைக்குது.”

“மூலையில பெருக்கல் குறி மாதிரி ஒண்ணு இருக்கும். அத அமுக்குங்க.”

“அத அமுக்குனா இன்னொரு பொட்டி வருது. அத அமுக்குனா பாட்டு வருது. போட்ட டேட்டாவெல்லாம் முடிஞ்சிருச்சு, மொகம் இன்னும் வரல.”

அவர் வேறு ஏதோ சொல்லத்தான் அழைத்திருக்கிறார் என்று தெரிந்தது.

“மாப்ள, கஜா வருசத் திதிய டவுன்ல மண்டபத்துல வைக்கிறானாம். லயத்து ஆளுக ஒருத்தரும் வேணாமாம். அந்தப் பக்கத்துல யாரும் ஒரு வார்த்தகூட எழுதலயாம். அதுதான் கோவம். நான் எல்லார்கிட்டயும் இங்கதான் திதின்னு சொல்லிட்டேன். பக்கத்து வீட்டுக் கருப்பம்மா மூஞ்சில எப்படி முழிப்பேன்? அவதான புள்ளைக்கி கடசியா சேல கட்டி விட்டா. நீங்க ஒரு வார்த்த கேளுங்க.”

“கேக்குறேன்.”

“சண்ட போட்றாதீங்க.”



கஜேந்திரன் நிரஞ்சலாவின் அண்ணன். அவர் செய்வித்த பக்கத்தை நான் அதுவரை திறந்ததில்லை. போனை வைத்துவிட்டுத் திறந்தேன்.

கறுப்புப் பின்னணி. ஒரு குத்துவிளக்கு எரிகிறது. சுடர் நான்கு முறை ஆடி, ஒரு துள்ளல் துள்ளி, மறுபடி முதலிலிருந்து ஆடுகிறது. மேலேயிருந்து ரோஜா இதழ்கள் விழுந்துகொண்டே இருக்கின்றன. புல்லாங்குழல். நிறுத்த வழியில்லை. நடுவில் ஒரு பெட்டி: ‘புதிய அறிவித்தல்களைப் பெற விரும்புகிறீர்களா?’ மூடினேன். இன்னொரு பெட்டி: கஜேந்திரனின் கைத்தொலைபேசிக் கடையைப் பின்தொடரச் சொன்னது. சிவப்பில் பெரிய பொத்தான். மூடும் குறி மட்டும் கறுப்பின்மேல் சாம்பல் நிறத்தில், கடுகளவு.

அவற்றுக்குப் பின்னால் நிரஞ்சலா. ஒன்பது படங்கள், ஒன்றுக்கு இரண்டு விநாடி. பார்க்கத் தொடங்கும்போது அடுத்தது வந்துவிடுகிறது. பட்டமளிப்புப் படத்தில் அவள் நெற்றியின்மேல் ‘முகப்பு’, ‘எம்மைப் பற்றி’ என்று எழுதியிருக்கிறது.

அடியில் பொன்னிறத்தில் ஒரு வரி வலமிருந்து இடமாக ஓடுகிறது. ‘அவளின் இறுதி வார்த்தைகள்: என் அன்னையைக் கைவிடாதீர்கள். எம் மக்களுக்குக் கல்வி கொடுங்கள். விடைபெறுகிறேன்.’

நிரஞ்சலா வாழ்நாளில் ஒருதரம்கூட ‘எம் மக்கள்’ என்று சொன்னதில்லை.

அஞ்சலி எழுதுவதற்கு முதலில் பதிவு செய்ய வேண்டும். பெயர், குடும்பப் பெயர், மின்னஞ்சல், கடவுச்சொல், வீட்டு இலக்கம், வீதியின் பெயர், தபால் குறியீடு. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். நட்சத்திரம் என்றால் கட்டாயம். ஒன்றை விட்டுப் பார்த்தேன். சிவப்பில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. எழுதிய அத்தனையும் அழிந்துபோயின.

பார்வையிட்டோர் 614. அஞ்சலிகள் 3. ஒன்று கட்டாரில் இருக்கும் சித்தப்பா மகன். ஒன்று கஜேந்திரன். மூன்றாவது முடி உதிர்வதற்கு எண்ணெய் விற்கிறது.

பிழைகளை எழுதினேன். பழக்கம். பதினேழு வந்தன.

கஜேந்திரனுக்கு முப்பத்தாறு வயது. பதினேழில் லயத்தை, தோட்டத்து வரிசை வீடுகளை, விட்டு இறங்கி, ராமாமிர்தம் முதலாளியின் கடையில் பெட்டி தூக்கி, இப்போது பதுளையில் சொந்தக் கடை வைத்திருக்கிறார். பத்து மணிக்குப் போனேன். கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் இருந்தார். நாற்காலி இருந்தது. காட்டவில்லை.

“வாங்க மச்சான். ரீலோட் போடவா?”

“நிரஞ்சலா பக்கத்தப் பாத்தேன்.”

“ஓ. இப்பதான் நேரம் கெடச்சுதா.”

“பதினேழு பிழை இருக்கு.”

“எழுதிக் கொண்டாந்தீங்களா? குடுங்க, சட்டம் போட்டு மாட்டுறேன்.”

“தொறந்ததும் பாட்டுப் போடக்கூடாது. படம் தானா ஓடக்கூடாது. எழுத வர்றவங்கள மறிச்சு வச்சு வெலாசம் கேக்கக்கூடாது.”

“மச்சான், நிறுத்துங்க. கொழும்பு ஆளு செஞ்சது. வெளிநாட்டுக்கெல்லாம் செய்யிறவன். ஒங்கள மாதிரி வேன்காரனுக்குச் செய்யிறவன் இல்ல.”

“வேன்காரனுக்கு போன் வருது.”

“என்னது?”

“நான் செஞ்ச பக்கத்தப் பாத்து வேன்காரனுக்கு ஒரு நாளைக்கி நாலு போன் வருது. ஒங்க பக்கத்துக்கு அறுநூறு பேர் வந்து ஒருத்தரும் எழுதல. அப்படின்னா பக்கம் சரியில்ல.”

“அப்படின்னா மனுசன் சரியில்ல,” என்றார். “எந் தங்கச்சி லீவு நாள்லகூட அதுக புள்ளைகளுக்குச் சும்மா பாடம் சொல்லிக் குடுத்தா. கருப்பம்மா மகனுக்கு கெம்பஸ் பாரம் நெரப்பிக் குடுத்தது யாரு? அந்தக் கெழவி ஒரு வரி எழுதினாளா? வந்து வந்து வேடிக்க மட்டும் பாக்குதுக. எழுத வலிக்குது. அதுகளுக்கு நான் எல போடணுமாக்கும்.”

“எழுத முடியல.”

“நான் எழுதினேனே.”

தன் கைத்தொலைபேசியைத் திருப்பிக் காட்டினார். பக்கம் ஒரு விநாடியில் திறந்தது. பெட்டி வரவில்லை. படிவம் வரவில்லை. அவர் முதல் நாளே பதிவு செய்து, அன்றிலிருந்து உள்ளேயே இருக்கிறார். கடையின் வேகமான இணைப்பு வேறு. இதுவும் எல்லாருக்கும் நடக்கிற பிழைதான். கடைக்காரர் எப்போதும் பின்கதவால் வருகிறார். முன்கதவு பூட்டிக் கிடப்பது அவருக்குத் தெரிவதில்லை.

“ஒங்ககிட்டதான் மொதல்ல கேட்டேன்,” என்றார். “ரெண்டு தடவ. ஒரு பக்கம் செஞ்சு குடுங்கன்னு. பதில் இருந்துச்சா?”

இருக்கவில்லை.

“கடைசியா என்ன சொன்னான்னு எத்தன தடவ கேட்டேன்? அன்னைக்கிக் காலையில அவ ஒங்களுக்குத்தான் எடுத்திருக்கா. அவ போன்ல இருக்கு. ஆறு அம்பது. ஒரு நிமிசம் பத்து செக்கன். என்ன சொன்னா?”

“சும்மா பேசினா.”

“சும்மா. கேட்டா சும்மா. அதான் நானே எழுதினேன்.”

“அவ சொல்லாதத.”

“அவ சொல்லியிருக்க வேண்டியத.”

அவரை அடிக்கலாம் போல இருந்தது. அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். இடையில் கண்ணாடிப் பெட்டி. அதற்குள் கைத்தொலைபேசி உறைகள்.

“ஞாயித்துக்கெழம ஸ்பிரிங்வெளிக்கு வாங்க,” என்றேன். “கருப்பம்மா ஒங்க முன்னாடி எழுதட்டும். நீங்க பக்கத்துல ஒக்காந்து பாருங்க. வாய் தொறக்கக் கூடாது. கை நீட்டக் கூடாது. அவங்க எழுதி முடிச்சிட்டா திதிய மண்டபத்துலயே வைங்க. நானே வந்து எல போடுறேன்.”

“முடிக்கலன்னா?”

“லயத்துல. எல்லாருக்கும்.”

“நான் வாய் தொறந்தா?”

“தொறந்தாலும் லயத்துல.”

சிரித்தார். “திதி அட்ட அடிச்சாச்சு மச்சான். மண்டபம்னு போட்டு.”

“பேனாவால வெட்டி எழுதலாம்.”

“வாறேன். வந்து காட்டுறேன், அதுக எப்படின்னு.”

வாய் திறக்காமல் பக்கத்தில் இருப்பது என் தொழிலில் உள்ள முறை. புதிதாக ஒன்று செய்தால், அதை முன்பின் பார்க்காத ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டும். உதவினால் பிழை தெரியாது. எனக்கு அந்த ஒருவர் நிரஞ்சலாதான். காலை ஆறரை பஸ்ஸில், கீறல் விழுந்த கைத்தொலைபேசியில் பார்த்துவிட்டு, என்னை அழைத்துத் திட்டுவாள். நான் விளக்கம் சொன்னால், “எல்லார் வீட்டுக்கும் போயி இந்த வெளக்கத்தச் சொல்லுவீங்களா?” என்று கேட்பாள். கடைசியாக அவள் பார்த்தது ஸ்பிரிங்வெளியில் அவர்கள் கணக்கின், அதாவது அவர்கள் பிரிவின், மாரியம்மன் கோயில் திருவிழாப் பக்கம். அவளுக்காகச் சும்மா செய்து கொடுத்தது. அதில் ஒரு பிழை இருக்கிறது. என்ன பிழை என்று எனக்குத் தெரியும். திருவிழா முடிந்துவிட்டது. நான் இன்னும் திருத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கஜேந்திரனின் காரில் போனோம். வழியில் அவர் சொன்னது ஒரே வசனம். “ஜன்னல ஏத்துங்க, தூசி.” பாதை முடிகிற இடத்தில் காரை விட்டு, சப்பாத்தில் சேறு படாமல் கல் பார்த்து மிதித்து நடந்தார். அவர் பிறந்த லயம் அது.

அத்தை ரொட்டி சுட்டு வைத்திருந்தார். கருப்பம்மா முன்னமே வந்து பலகையில் உட்கார்ந்திருந்தார். அடுத்த காம்பரா, பக்கத்து வீடு. அறுபது வயது. கண்ணாடியின் ஒரு கால் நூலால் கட்டியிருந்தது. கொழும்பில் வேலை செய்கிற மகன் வாங்கிக் கொடுத்த கைத்தொலைபேசி மடியில்.

“என்ன கஜா,” என்றார். “பொண்ணு பாக்க வந்த மாதிரி ரெண்டு பேரும் சட்டயெல்லாம் தேச்சுப் போட்டு வந்திருக்கீங்க.”

கஜேந்திரன் சிரிக்கவில்லை.

நான் சொன்னேன். “பெரியம்மா, நிரஞ்சலா பக்கத்துல நீங்க எழுத நெனச்சத எழுதுங்க. நாங்க பாத்துக்கிட்டு மட்டும் இருப்போம். நாங்க இல்லன்னு நெனச்சுக்குங்க.”

“இம்மாம் பெரிய ஆளுக ரெண்டு பேரு காம்பராவுக்குள்ள இருக்கும்போது எப்படி இல்லன்னு நெனைக்கிறது?” என்றபடி எழுந்தார். “வாசலுக்கு வாங்க. உள்ள சிக்னல் இல்ல.”

வாசலில் நின்றார். நாங்கள் இரண்டு பக்கமும் நின்றோம். அத்தை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு பின்னால்.

பக்கம் திறக்க ஒரு நிமிடம் நாற்பது விநாடி. முதலில் இதழ்கள் வந்தன. பிறகு பெட்டி.

“புதிய அறிவித்தல்களைப் பெற விரும்புகிறீர்களா,” என்று வாசித்தார் கருப்பம்மா. “இன்னும் யாரு செத்தா சொல்லுவாங்களோ.” ஆம் என்பதைத் தொட்டார். “வேணாம்னு அமுக்குனா மரியாத இல்ல பாருங்க. எழவு வீட்டுல கேக்குறாங்க.”

கஜேந்திரன் என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன்.

அடுத்த பெட்டி. மூடும் குறி அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. சிவப்புப் பொத்தான்தான் தெரிந்தது. தொட்டார். கடையின் பக்கம் திறந்தது.

“இப்ப ஒங்க கடைக்கு வந்துட்டேன் கஜா. ஒற விக்கிறீங்க. ரெண்டு வாங்குனா ஒண்ணு சும்மாவாம்.” திரும்பிப் போனார். மறுபடி இதழ்கள், குழல், பெட்டி. “எப்பவும் இப்படித்தான். நான் புள்ளையப் பாக்க வருவேன், ஒங்க கடையில கொண்டுபோய் விட்டுரும்.”

மூன்றாம் முறை, தற்செயலாக விரல் பட்டு, பெட்டி மூடியது. படங்கள் ஓடின. அத்தை எட்டிப் பார்த்தார். “நில்லுடி,” என்றார், படத்திடம். அது நிற்கவில்லை.

கருப்பம்மா அடிக்கு இறங்கினார். பார்வையிட்டோர் 641. அதில் மூன்று, இப்போது கருப்பம்மா மூன்று முறை திறந்தது. கஜேந்திரன் அந்த எண்ணைப் பார்ப்பதை நான் பார்த்தேன்.

படிவம். பெயர் எழுதினார். குடும்பப் பெயர் என்ற இடத்தில் நின்றார். “குடும்பப் பேருன்னா எது, எங்கப்பா பேரா, வீட்டுக்காரரு பேரா?” நாங்கள் வாய் திறக்கவில்லை. கணவரின் பெயரை, அழகர் என்று போட்டார். மின்னஞ்சல் என்று வந்ததும், “கொஞ்சம் இருங்க,” என்று தன் காம்பராவுக்குப் போய் ஒரு பிஸ்கட் டின்னோடு வந்தார். உள்ளே நான்காக மடித்த தாள்.

அந்தத் தாளில் நீல மையில் மின்னஞ்சல் முகவரியும் கடவுச்சொல்லும் இருந்தன. மகனுடைய பல்கலைக்கழகப் பாரத்துக்காக உண்டாக்கியது. எழுத்து நிரஞ்சலாவுடையது. அடியில், ‘யாருக்கும் காட்டக் கூடாது, எனக்கும்தான்’ என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தாள். கஜேந்திரன் அதை வாங்கக் கை நீட்டினார். பாதியில் நிறுத்தி, கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

கருப்பம்மா தாளைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தொட்டார். பதினொரு நிமிடம் ஆனது. கடவுச்சொல்லுக்கும் அந்தத் தாளில் இருந்ததையே போட்டார். வீட்டு இலக்கத்துக்கு ஏழு.

“வீதியின் பெயர்,” என்று வாசித்தார். வாசலுக்கு வெளியே பார்த்தார். லயத்துக்கும் தண்ணீர் ஓடுகிற கானுக்கும் நடுவில் ஒரு முழ அகலத்தில் சீமெந்து. அதில் யாருடைய கோழியோ நின்றது.

“விஜயா, இதுக்கு என்ன பேரு?”

“எதுக்கு?” என்று கேட்டார் அத்தை.

“நம்ம வாசல்ல போறதுக்கு.”

“அதுக்கு ஏதுடி பேரு.”

லயத்துக்குத் தபால்காரர் வருவதில்லை. கடிதங்கள் தோட்டத்து ஒப்பீஸுக்கு வரும். அங்கிருந்து யாராவது கொண்டுவந்து தந்தால் உண்டு. ஹாலிஎலப் பக்கம் எங்கள் லயமும் அப்படித்தான். எனக்குக் கெம்பஸ் கடிதம் வந்து ஒன்பது நாள் ஒப்பீஸில் கிடந்தது. வீதியின் பெயர் என்று கேட்கிற படிவத்தைச் செய்தவருக்கு இது தெரியாது. தெரிய நியாயமில்லை. கஜேந்திரனுக்குத் தெரியும்.

கருப்பம்மா அந்த இடத்தை வெறுமையாக விட்டு, அனுப்பு என்பதைத் தொட்டார். சிவப்பில் ஆங்கிலம் வந்தது. பெயர், அழகர், மின்னஞ்சல், எல்லாம் போயின. அவர் ஆச்சரியப்படவில்லை. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மறுபடி மேலிருந்து தொடங்கினார்.

“எத்தனையாவது தடவ பெரியம்மா?” என்று கேட்டேன். கேட்கக் கூடாதுதான்.

“யாரு எண்ணுனா? பெரட்டுல நிக்கும்போது எல்லாரும்தான் பாக்குறாளுக. ஒருத்திக்கும் போகல. எனக்கு எழுத வேண்டியது பாடமாயிருச்சு.”

“என்ன எழுதணும்?” அத்தை கேட்டார்.

கருப்பம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். “‘பாப்பா, ஒனக்குச் சேல கட்டுனது நான்தான். அவசரத்துல கொசுவம் சரியா வரல. மன்னிச்சுக்க.’ அவ்வளவுதான்.”

குழல் ஊதிக்கொண்டிருந்தது. கருப்பம்மா மீண்டும் வீட்டு இலக்கத்துக்கு ஏழு போட்டு, வீதியின் பெயருக்கு வந்து நின்றார். விரல் திரைக்கு மேலே நின்றது.

“ஏதாச்சும் ஒரு பேரப் போடுங்க பெரியம்மா,” என்றார் கஜேந்திரன். “எதையாவது போட்டுத் தொலைங்க. அதுக்கு என்ன தெரியப் போகுது.”

கருப்பம்மா திரும்பிப் பார்த்தார். “புள்ளையோட எடத்துல பொய் எழுதச் சொல்ற.”

கஜேந்திரனின் முகம் கறுத்தது. கருப்பம்மாவின் கையிலிருந்து கைத்தொலைபேசியை வாங்கினார். தானே அந்தச் சிவப்பு நட்சத்திரங்களைப் பார்த்தார். ஒரு பெட்டி வந்து மறைத்தது. அதை மூட முயன்றார். அவருடைய கடை திறந்தது. கைத்தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கானுக்கு மறுபக்கம் போய் நின்றார். சப்பாத்து சேற்றில் நின்றது.

நான் அருகில் போனேன்.

“வாய் தொறந்துட்டேன்,” என்றார். “ஜெயிச்சிட்டீங்க. சந்தோசமா?”

“இல்ல.”

“லயத்துலயே வைங்க. எல்லாரையும் கூப்புடுங்க. அட்டைய நான் வெட்டி எழுதுறேன்.” பையிலிருந்து பேனாவை எடுத்து, கடைப் பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில் தளத்தின் கடவுச்சொல்லை எழுதி நீட்டினார். “இந்தாங்க. பாட்டு, வெளக்கு, பூ, என் கட, எல்லாத்தையும் புடுங்கிப் போடுங்க. ஒங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே. ஆனா அந்தக் கடசி வரிய எடுத்தீங்கன்னா அந்த எடம் வெறுமையா இருக்கக் கூடாது. எங்கம்மாவுக்கு ஒரு வார்த்த வேணும்.”

அத்தை வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாப்ள,” என்றார். “அதுல கீழ ஏதோ ஓடுதே. கடசியா சொன்னதுன்னு. என்னையச் சொன்னாளாமே. வாசிக்கிறதுக்குள்ள ஓடிருது. மெய்யாவே சொன்னாளா?”

கஜேந்திரன் என் முகத்தைப் பார்த்தார். முதல் முறையாக அதில் கோபம் இல்லை, பயம் இருந்தது. ஆமாம் என்று நான் சொல்லியிருக்கலாம். அது ஒரு சொல். அவரும் தப்பியிருப்பார், நானும் தப்பியிருப்பேன்.

“அது கஜா மச்சான் எழுதினது,” என்றேன். “ஆனா ஒங்களச் சொன்னா.”

அவர்களுக்குச் சொன்னேன். அன்று காலை ஆறு ஐம்பதுக்கு அவள் பஸ்ஸிலிருந்து அழைத்தாள். முதல் நாள் நான் செய்து முடித்த கோயில் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தாள். வெள்ளையின்மேல் மெல்லிய சாம்பல் எழுத்து. எனக்கு அது பிடித்திருந்தது. அவள் குறை சொன்னாள். நான் விட்டுக்கொடுக்கவில்லை. இப்போது எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றேன். கொழும்பில் போய்ப் பார் என்றேன். தேநீர் ஆறுகிறது, பிறகு பேசலாம் என்றேன். குரலைக் கொஞ்சம் உயர்த்தினேன். அவள் உயர்த்தவில்லை. அவள் சொன்னது இது.

“எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி இருக்குங்க. எங்கம்மா கண்ணுக்குத் தெரியாது. பெருசாக்குங்க. சரி வைக்கிறேன், கண்டக்டர் வர்றாரு.”